குடைமிளகாயில் தொடங்கிய தேடல்



நம் வீடுகளில் வாழைக்காயை நறுக்கினால் உடனே தண்ணீரில் போடுவார்கள். வாழைப்பூ என்றால் தண்ணீரில் கொஞ்சம் மோரும் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் சீக்கிரமே கறுத்துப் போகும். ஏன் கறுக்கிறது என்று கேட்டால், போய் வேலையைப் பாரு என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும்.

இதே கேள்வியை விடாமல் கேட்ட ஒரு மனுஷன் ஹங்கேரி நாட்டில் பிறந்தார். கேட்டுக்கொண்டே போய் வைட்டமின் சி-யைப் பிரித்தெடுத்தார். நோபல் பரிசு பெற்றார். ஃப்ளேவனாய்டு என்னும் தாவரப் பொருள்களை மருத்துவர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். வயதான காலத்தில் புற்றுநோயோடு மல்லுக்கட்டினார். அவர்தான் ஆல்பர்ட் செண்ட் ஜியார்ஜி. இந்தப் பெயர் என் வாயில் நுழையவே இரண்டு நாள் ஆயிற்று! புனித ஜார்ஜ் என்பதுதான் அதன் பொருள். இனி ஜியார்ஜி என்றே எழுதுகிறேன்.

பொது அறிவுப் போட்டிகளில் வைட்டமின் சி என்றால் இவர் பெயரை டக்கென்று சொல்லிவிடுவோம். அதற்குமேல் நமக்குத் தெரியாது. கெமிக்கல் டிப்ளமோ படிக்கிற எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. ஏன் தேடிப் படித்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

1893 செப்டம்பர் 16 அன்று புடாபெஸ்ட் நகரத்தில் பிறந்தார். அம்மா வழியில் தலைமுறை தலைமுறையாக உடற்கூறு விஞ்ஞானிகள். தாய்மாமன் லென்ஹோஷெக் பெரிய பேராசிரியர். அவருக்கு மருமகன் மேல் துளி நம்பிக்கை கிடையாது. பையன் மக்கு, ஆராய்ச்சிக்கெல்லாம் லாயக்கில்லை என்பதுதான் அவர் கணிப்பு. பதினாறு வயது வரை ஜியார்ஜியும் அப்படித்தான் இருந்தார். பிறகு என்ன ஆயிற்றோ, புத்தகத்தைப் பிடித்தவர் விடவில்லை. 1911-இல் மருத்துவம் படிக்கச் சேர்ந்து மாமாவின் ஆய்வகத்துக்கே போனார். மாமாவுக்கு மூலத் தொந்தரவு. அதனால் மருமகனுக்குக் கொடுத்த முதல் ஆராய்ச்சியே மலக்குடலின் கடைசிப் பகுதியைப் பற்றியது! நோபல் பரிசுக்காரர் எங்கிருந்து ஆரம்பித்தார் பாருங்கள்.

படிப்பு முடிவதற்குள் 1914-இல் முதல் உலகப் போர் வந்துவிட்டது. ராணுவ மருத்துவப் பிரிவில் போர்முனைக்குப் போனார். வீரத்துக்கான வெள்ளிப் பதக்கமும் வாங்கினார். ஆனால் இரண்டு வருஷத்தில் அந்தப் படுகொலையைப் பார்த்து மனசு விட்டுப்போயிற்று. 1916-இல் ஒரு நாள் துப்பாக்கியைத் தன் கையை நோக்கித் திருப்பி, எலும்பில் படும்படி சுட்டுக்கொண்டார். எதிரியின் குண்டு என்று சொல்லி ஊர் திரும்பினார். உண்மை தெரிந்திருந்தால் ராணுவ நீதிமன்றம்தான். இதைக் கோழைத்தனம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1917-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அதே வருஷம் நெல்லி என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். மறு வருஷம் பிறந்த மகளுக்கும் நெல்லி என்றே பெயர்.

போரில் தோற்ற நாட்டில் ஆராய்ச்சிக்கு யார் பணம் கொடுப்பார்கள்? பிராக், பெர்லின் என்று ஊர் ஊராக அலைந்து, கடைசியில் ஹாலந்தில் குரோனிங்கன் என்ற ஊரில் வந்து நின்றார். அங்கேதான் அந்தக் கறுப்புக் கேள்வி.

ஆப்பிளை வெட்டினால் பழுப்பாகிறது. எலுமிச்சையும் ஆரஞ்சும் ஆவதில்லை. ஏன்? தாவரங்களில் ஃபீனால் வகைப் பொருள்கள் இருக்கின்றன. வெட்டுப்பட்டால் காற்றில் உள்ள ஆக்ஸிஜன் ஒரு என்சைமின் உதவியோடு அவற்றைக் குயினோன்களாக மாற்றுகிறது. குயினோன்கள் ஒன்றோடொன்று சேர்ந்தால் பழுப்பு நிறம். எலுமிச்சையில் ஏதோ ஒன்று குயினோனை மறுபடி ஃபீனாலாகத் திருப்பிவிடுகிறது. அந்த ஏதோ ஒன்று என்ன என்பதுதான் ஜியார்ஜியின் கேள்வி.

அவர் பிடித்த குறிப்பு வெறும் ஒரு விநாடி. பெராக்சிடேஸ் என்சைமோடு பென்சிடினையும் பெராக்சைடையும் சேர்த்தால் பளிச்சென்று நீலம் வரும். சுத்தமான என்சைமுக்குப் பதிலாகத் தாவரச் சாற்றையே ஊற்றினால் நீலம் ஒரு விநாடி தாமதித்து வந்தது. நாமாக இருந்தால் அப்சர்வேஷன் நோட்டில் புளூ கலர் என்று எழுதிவிட்டுக் கைகழுவப் போயிருப்போம். அவர் அந்த ஒரு விநாடியைப் பிடித்துக்கொண்டார். சாற்றில் உள்ள ஏதோ ஒரு பொருள், தான் தீர்ந்து போகும்வரை நிறத்தை வரவிடவில்லை. அயோடின் டைட்ரேஷனில் வைட்டமின் சி தீர்ந்த பிறகுதானே ஸ்டார்ச் நீலமாகும்? அதே கதைதான்.

இதற்கு நடுவே அவரை ஆதரித்த பேராசிரியர் இறந்துபோனார். புதிதாக வந்தவருக்கு இந்த வேலையில் ருசி இல்லை. கையில் காசும் இல்லை. மனைவியையும் குழந்தையையும் ஹங்கேரிக்கு அனுப்பிவிட்டுத் தற்கொலை எண்ணத்தோடு இருந்தார். 1926-இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டுக்குப் போனார், கடைசியாக ஒருமுறை என்கிற மாதிரி. தலைமையுரை ஆற்றிய கேம்பிரிட்ஜ் மேதை ஹாப்கின்ஸ், மேடையில் இவருடைய கட்டுரையைக் குறிப்பிட்டுப் பேசினார். அப்புறம் இவரைக் கேம்பிரிட்ஜுக்கே அழைத்துக்கொண்டார். ஒரு பெரியவரின் ஒரு வாக்கியம் ஒரு உயிரைக் காப்பாற்றியது என்றால் அது மிகையாகாது.

கேம்பிரிட்ஜில் மாட்டு அட்ரீனல் சுரப்பியிலிருந்தும் ஆரஞ்சு, முட்டைக்கோஸிலிருந்தும் அந்தப் பொருளைப் படிகமாக எடுத்தார். சர்க்கரை மாதிரி இருந்தது, என்னவென்று தெரியவில்லை. தெரியாது என்ற அர்த்தத்தில் இக்னோஸ் என்று பெயர் வைத்து அனுப்பினார். பத்திரிகை ஆசிரியர் ஹார்டன் முறைத்தார். சரி, கடவுளுக்குத்தான் தெரியும் என்று அர்த்தம் வரும்படி காட்நோஸ் என்று மாற்றி அனுப்பினார்! கடைசியில் ஹெக்சுரோனிக் அமிலம் என்ற சாதுவான பெயரில் 1928-இல் அச்சாயிற்று.

பிறகு அமெரிக்கா போய், இறைச்சிக்கூடங்களில் சுரப்பி வாங்கி மாசக்கணக்கில் வேலை செய்தும் இருபத்தைந்து கிராம் அளவுதான் கிடைத்தது. ஹங்கேரியில் செகெட் நகரப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகத் திரும்பினார். அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்விர்பெலி என்ற இளைஞர் கினிப்பன்றிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார். ஸ்கர்வி வரவில்லை. ஆக, இத்தனை நாள் கையில் இருந்தது வைட்டமின் சி! அது 1931-32. அமெரிக்காவில் கிங் என்பவரும் அதே சமயத்தில் இதையே அறிவித்ததால் யார் முதலில் என்ற சண்டை வெகுநாள் நடந்தது.

இப்போது இன்னொரு சிக்கல். ஆராய்ச்சிக்குச் சரக்கு இல்லை. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் மனைவி பச்சைப் பாப்ரிகா வைத்தார். நம்ம குடைமிளகாயின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். செகெட் நகரமே பாப்ரிகாவுக்குப் பேர்போனது. ஜியார்ஜிக்கு அதைச் சாப்பிடப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று மனைவியிடம் சொல்லவும் தைரியம் இல்லை. இதை இதுவரை சோதித்ததில்லையே என்று சாக்குச் சொல்லி, ஆய்வகத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். நள்ளிரவுக்குள் விடை தெரிந்தது, அது வைட்டமின் சி சுரங்கம். சில வாரங்களில் ஒரு கிலோவுக்கு மேல் எடுத்து, கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினார். 1937-இல் நோபல் பரிசு வந்தது. செல் எப்படி உணவை எரித்துச் சக்தி பெறுகிறது என்ற அவரது ஆராய்ச்சிக்கும் அதில் பங்கு உண்டு.

இனிமேல்தான் நம் விஷயம். தோலுக்கடியில் ரத்தம் கசிகிற நோயாளிகள் சிலருக்குச் சுத்தம் செய்யாத வைட்டமின் சி சாறு பலன் தந்தது. சுத்தமான வைட்டமின் சி கொடுத்தபோது பலன் இல்லை. அப்படியானால் குணப்படுத்தியது அந்த அழுக்குதானே! ஜியார்ஜியும் ருஸ்ன்யாக் என்ற மருத்துவரும் எலுமிச்சையிலிருந்து அந்த அழுக்கைப் பிரித்தார்கள். அவை ஃப்ளேவனாய்டுகள். பதினைந்து கார்பன் கொண்ட எலும்புக்கூடு, இரண்டு பக்கமும் பென்சீன் வளையம், நடுவில் மூன்று கார்பன் பாலம். பூவுக்கும் பழத்துக்கும் நிறம் தருவதில் இவற்றுக்குப் பெரும்பங்கு. நுண்ணிய ரத்தக் குழாய்களின் கசிவை இவை தடுக்கின்றன என்று 1936-இல் எழுதி, வைட்டமின் பி என்று பெயரும் வைத்தார்கள். நாம் மாத்திரையில் விழுங்கும் பி அல்ல இது, ஆங்கில எழுத்து வரிசையில் ஓ-வுக்கு அடுத்து வரும் பி.

ஆனால் வைட்டமின் சி துளியும் இல்லாத தீவனத்தில் வைத்த கினிப்பன்றிகளிடம் இந்தப் பலன் தெரியவில்லை. மற்ற இடங்களிலும் சரிவரவில்லை. தன் முடிவில் ஓட்டை இருப்பதை ஜியார்ஜியே அச்சில் எழுதினார். 1950-இல் அமெரிக்கப் பெயரிடல் குழு அந்தப் பெயரையே கைவிடச் சொன்னது. ஆக அது வைட்டமின் இல்லை. ஆனால் ஃப்ளேவனாய்டுகள் என்ன செய்கின்றன என்ற கேள்வி நின்றுவிடவில்லை. இன்றைக்கு டயோஸ்மின், ஹெஸ்பெரிடின் என்ற ஃப்ளேவனாய்டு மாத்திரைகளை மூல நோய்க்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். லென்ஹோஷெக் மாமா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்!

(ஒரு சின்னத் தகவல். ஃப்ளேவனாய்டு வேதியியலில் உலகப் புகழ் பெற்ற டி.ஆர். சேஷாத்ரி 1900-இல் நம்ம குளித்தலையில் பிறந்தவர். ஆந்திரா, டெல்லி பல்கலைக்கழகங்களில் ஆயுள் முழுக்க இதே வேலைதான்.)

நான் இதையெல்லாம் படித்ததற்குக் காரணம் என் பெரியம்மா. அவருக்கு மார்பகப் புற்றுநோய். ஆறு தடவை போட வேண்டிய ஊசி மருந்தில் மூன்று முடிந்திருந்தது. முடி கொட்டி, சாப்பாடு இறங்காமல் துரும்பாகப் போயிருந்தார். அந்த நேரத்தில் ஒருத்தர் வீட்டுக்கு வந்து, ஊசியை நிறுத்திவிட்டுத் தன் மூலிகைப் பொடியை மட்டும் சாப்பிடச் சொன்னார். கையில் ஒரு பத்திரிகைச் செய்தி வேறு. தாவரத்தில் உள்ள ஃப்ளேவனாய்டு புற்றுநோய்ச் செல்லைக் கொல்கிறது என்று அதில் போட்டிருந்தது. பெரியப்பா அதை என்னிடம் நீட்டி, நீ கெமிக்கல் படிக்கிறியே, இது நிஜமாடா என்று கேட்டார்.

நிஜம்தான். அதுதான் சங்கடமே. வெங்காயத்தில் உள்ள குவெர்செடின், சோயாவில் உள்ள ஜெனிஸ்டின், பச்சைத் தேயிலையில் உள்ள கேட்டெச்சின், இவற்றை ஆய்வகத் தட்டில் வளரும் புற்றுநோய்ச் செல் மேல் ஊற்றினால் செல் சாகிறது. எப்படி? செல்லுக்குள் பிரிந்து பெருகு என்று கட்டளை கொண்டுபோகும் கைனேஸ் என்சைம்களை இவை அடைக்கின்றன. செல் பிரிவது பாதியில் நிற்கிறது. இன்னொரு வழி நம்ம வாழைப்பூ வழி. கொஞ்சமாக இருக்கும்போது ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் ஃப்ளேவனாய்டு, அளவு கூடினால், அதுவும் தாமிரமோ இரும்போ பக்கத்தில் இருந்தால், ஆளே மாறிவிடுகிறது. தானே குயினோனாகி ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. புற்றுநோய்ச் செல் ஏற்கெனவே இந்த மாதிரி நெருக்கடியில் திணறுவது. மேலும் ஒரு தள்ளு தள்ளினால் மைட்டோகாண்ட்ரியா ஓட்டையாகி, காஸ்பேஸ் என்சைம்கள் கிளம்பி, செல் தன்னைத்தானே அறுத்துக்கொள்கிறது.

சரி, அப்புறம் ஏன் வெங்காயம் தின்று யாருக்கும் புற்றுநோய் ஆறவில்லை? அளவுதான் காரணம். தட்டில் ஊற்றுவது பெரும்பாலும் லிட்டருக்கு 10 முதல் 100 மைக்ரோமோல். வெங்காயம் நிறையச் சாப்பிட்டாலும் ரத்தத்தில் ஏறுவது பொதுவாக 1 மைக்ரோமோலுக்கும் கீழே. அதுவும் குடலும் கல்லீரலும் அதை வேறு பொருளோடு கட்டி, சிறுநீரில் தள்ளத் தயாராக்கிய வடிவத்தில். வாய்வழி வேண்டாம் என்று குவெர்செடினை நேராக ரத்தக் குழாயில் ஏற்றிப் பார்த்தார்கள், 1996-இல் அந்த முடிவு வெளிவந்தது. அளவைக் கூட்டியபோது சிறுநீரகம் அடிவாங்கியது. செல்லுக்கு விஷம் என்றால் அது நம்ம செல்லுக்கும் விஷமாகலாம் அல்லவா? தட்டில் சிறுநீரகம் இல்லை, கல்லீரல் இல்லை, பெரியம்மா இல்லை.

இன்னொன்றும் படித்தேன். போர்ட்டிசோமிப் என்ற புற்றுநோய் மருந்தைப் பச்சைத் தேயிலைக் கேட்டெச்சின் பிடித்துக் கட்டிச் செயலிழக்கச் செய்கிறது என்று 2009-இல் ஆய்வகத்திலும் எலிகளிலும் கண்டார்கள். சும்மா மூலிகைதானே, கூடவே சாப்பிட்டால் என்ன என்று கேட்க முடியாது.

அதற்காகத் தாவரத்தில் ஒன்றுமில்லை என்றும் சொல்ல மாட்டேன். நம் நாட்டு மரம் ஒன்றின் பட்டையில் கிடைக்கும் ரோஹிடுகின் என்ற பொருளை வைத்து, மும்பையில் ஹோக்ஸ்ட் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் ஃப்ளேவோபிரிடால் என்ற செயற்கை ஃப்ளேவனாய்டைச் செய்தார்கள். செல் பிரிவதை நடத்தும் என்சைம்களைத் தடுக்கும் மருந்துகளில் மனிதர்களிடம் முதன்முதலில் சோதிக்கப்பட்டது அதுதான். ரத்தப் புற்றுநோயாளிகள் சிலரிடம் புற்றுச் செல்கள் ஒரே நேரத்தில் ஏராளமாகச் செத்து, அந்தக் கழிவே ரத்தத்தில் கலந்து உயிருக்கு ஆபத்தானது. மருத்துவமனையில், மணிக்கு மணி ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு கொடுக்க வேண்டிய சங்கதி. பொட்டலத்தில் மடித்துக் கொடுப்பதல்ல.

இதைப் பெரியப்பாவிடம் முடிந்தவரை சொன்னேன். பெரியம்மா முழுசாகக் கேட்டுவிட்டு, பொடியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை டாக்டரிடமே காட்டினார். ஆறு ஊசியும் முடிந்தது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போய் வருகிறார்.

ஜியார்ஜியிடம் திரும்புவோம். அடுத்து தசை எப்படிச் சுருங்குகிறது என்பதில் இறங்கி, அதிலும் பெரிய சாதனை செய்தார். இரண்டாம் உலகப் போர் வந்தது. ஹிட்லரின் பிடியிலிருந்து ஹங்கேரியை விலக்க, 1943-இல் சொற்பொழிவு ஆற்றப் போகிற பாவனையில் இஸ்தான்புல் போய் நேசநாடுகளோடு ரகசியப் பேச்சு நடத்தினார். விஷயம் ஜெர்மானியருக்குக் கசிந்துவிட்டது. கெஸ்டபோ தேடியபோது ஸ்வீடன் தூதரகம் பொய்ப் பெயரில் குடியுரிமை கொடுத்து மறைத்து வைத்தது. சினிமா தோற்றது போங்கள்! போருக்குப் பின் ரஷ்யர்களின் ஆட்சி முறையும் பிடிக்காமல் 1947-இல் அமெரிக்கா போய், கடலோர கிராமமான வுட்ஸ் ஹோலில் குடியேறினார்.

அங்கேதான் புற்றுநோய் அவர் வீட்டுக்குள் வந்தது. இரண்டாவது மனைவி மார்த்தா 1963-இல் மார்பகப் புற்றுநோயில் இறந்தார். மகள் நெல்லியையும் 1969-இல் புற்றுநோயே கொண்டுபோயிற்று. எழுபது வயதுக்குமேல் ஒரு மனிதர் வேறென்ன செய்வார்? அவர் ஆய்வகத்துக்குப் போனார்.

செல்லின் வளர்ச்சியைத் தூண்டும் பொருள் ஒன்றும் தடுக்கும் பொருள் ஒன்றும் உடம்பிலேயே உண்டு என்று நம்பினார். புரோமின், ரெட்டின் என்று பெயர் வைத்தார். ரெட்டின் என்பது மெத்தில்கிளையாக்சால் சம்பந்தப்பட்டது என்று நினைத்தார். உலகில் ஆக்ஸிஜன் வருவதற்கு முந்தைய உயிர் வெறுமனே பெருகிக்கொண்டே இருந்தது, ஆக்ஸிஜன் வந்த பிறகு எலக்ட்ரான்கள் புரதங்களிலிருந்து எடுக்கப்பட்டு ஒழுங்கு பிறந்தது, புற்றுநோய்ச் செல் அந்தப் பழைய நிலைக்கே திரும்பிவிட்ட செல் என்பது அவர் கொள்கை. எலக்ட்ரானை எடுக்க வல்ல பொருள் வேண்டும். அதற்காகக் கடைசி வருஷங்களில் எதை ஆராய்ந்தார் தெரியுமா? குயினோன்களை! குரோனிங்கனில் ஆப்பிளைக் கறுக்க வைத்த அதே வகைப் பொருள். கூடவே வைட்டமின் சி.

இந்தக் கொள்கையைப் பல விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. அரசு உதவியும் சரியாகக் கிடைக்கவில்லை. நோபல் பரிசு வாங்கியவர், காசில்லை என்று 1971-இல் செய்தித்தாள் பேட்டியில் சொல்ல வேண்டி வந்தது. அதைப் படித்த ஃபிராங்க்ளின் சாலிஸ்பரி என்ற வக்கீல் 25 டாலர் அனுப்பினார். ஜியார்ஜி தன் கைப்பட நன்றிக் கடிதம் எழுதினார். இவ்வளவு பெரிய மனிதர் இந்தச் சின்னத் தொகைக்கு எழுதியிருக்கிறாரே என்று வக்கீலுக்கு ஆச்சரியம். இருவரும் பழகி, 1973-இல் தேசியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் என்ற அமைப்பை ஆரம்பித்தார்கள். சாதாரண ஜனங்களின் நன்கொடையில் நடக்கிற அமைப்பு.

அவர் தேடிய மருந்து கிடைக்கவில்லை. ரெட்டினும் மருந்தாகவில்லை. 1986 அக்டோபர் 22 அன்று, 93-வது வயதில், வுட்ஸ் ஹோலில் சிறுநீரகக் கோளாறால் காலமானார். மறு ஆண்டு செகெட் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அந்த வக்கீலோடு சேர்ந்து ஆரம்பித்த நிதியம் இன்றும் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்துவருகிறது.